கண்ணன் காசுக்கு ஒரு டீ

மூக்கண்டப்பள்ளியில் லாரிகளுக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கேன்டீன் குத்தகை எடுத்திருந்தாள் சாந்தம்மா. பன்னிரண்டு வருஷமாக அவள் போட்ட டீயில்தான் அங்கே இருநூற்றுப் பத்துப் பேருக்கும் பொழுது விடிந்தது. வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், கேன்டீனில் தமிழ் என்று மூன்று பாஷை பேசினாலும், கணக்கில் அவள் பிசகியதாக ஒரு பாஷையிலும் யாரும் சொன்னதில்லை. 2009-ஆம் வருஷம் ஜூலை மாத பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் முதல்முறையாகச் சொன்னார்கள்.

அந்தக் கம்பெனியில் சாப்பாட்டுக்குத் தலைக்கணக்கு, டீக்கு டோக்கன். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. ஆளுக்கு மாதம் ஐம்பத்திரண்டு கொடுப்பார்கள். மாதக் கடைசியில் சாந்தம்மா அவற்றை அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு போனால், பர்சனல் ஆபீசர் ராஜப்பன் எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு மூன்று ரூபாய் வீதம் பில் பாஸ் பண்ணுவார். ஜூலையில் சாக்கு வழக்கத்தைவிடக் கனத்தது. ஆடிக் காற்றுக் குளிரில் ஜனங்கள் ஒரு டீ கூடுதலாகக் குடிக்கிறார்கள் என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். எண்ணி முடித்தபோது பதினாறாயிரத்து முன்னூற்று நாற்பது டோக்கன் இருந்தது. கம்பெனி கொடுத்ததோ பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

"ஆளு இருநூத்திப் பத்து. டீ குடிச்ச கணக்குப் பாத்தா முன்னூத்திப் பதினாலு பேரு வர்றாங்க. மீதி நூத்தி நாலு பேரு யாரு சாந்தம்மா, பேயா?" என்று கேட்டார் ராஜப்பன்.

எதிர்ச் சாரியில் பாட்டில் மூடி வார்க்கும் சின்ன யூனிட் ஒன்று இருந்தது. அங்கே மஞ்சள் பிளாஸ்டிக்குக்குப் பஞ்சமில்லை என்பது வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் பழி டோக்கனை வார்த்தவன் மேல் விழவில்லை. அதைக் கொடுத்து டீ குடித்தவன் மேலும் விழவில்லை. டீ ஆற்றிக் கொடுத்தவள் மேல் விழுந்தது. விசாரணை முடியும் வரை டீ பில் முழுக்க நிறுத்தம் என்றார்கள். சாந்தம்மா கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றி அடகு வைத்துப் பால்காரர் கங்கப்பனுக்குக் கொடுத்தாள்.

இனிமேல் எப்படி நடத்துவது என்று பேச ஒரு கமிட்டி போட்டார்கள். டோக்கனே வேண்டாம், நோட்டில் எழுதிவிடலாம் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். யார் நோட்டில் என்பதில்தான் தகராறு. ராஜப்பன் தன் ஆபீசிலேயே எழுதலாம் என்றார். யூனியன் செயலாளர் பொன்னுசாமி, அருப்புக்கோட்டைக்காரர், இருபது வருஷமாக பிரஸ் ஷாப்பில் இருப்பவர், ஓவர்டைம் மணிகள் காணாமல் போகிற அதே ஆபீஸ்தானே அது என்று கேட்டார். அப்படியானால் யூனியன் எழுதட்டும் என்றதற்கு, போன வருஷ வெள்ள நிவாரண வசூலுக்கே இன்னும் ரசீது வரவில்லையே என்றார் ராஜப்பன். சாந்தம்மா எழுதட்டும் என்று யாரோ சொன்னபோது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் ஒன்றாகச் சிரித்து அன்றுதான் அவள் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் டிசைன் செக்ஷன் கமலக்கண்ணன் கையைத் தூக்கினான். பர்கூரில் இன்ஜினியரிங் முடித்த தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். வாடகை அறையில் ஒரு பாய், ஒரு பக்கெட், ஒரு கம்ப்யூட்டர் என்று குடித்தனம். இன்டர்நெட்டில் அந்த வருஷத் தொடக்கத்திலிருந்து புதிதாக ஒரு பணம் ஓடுகிறது என்று அவன் சொன்னான். அதை எந்த அரசாங்கமும் அச்சடிப்பதில்லை, எந்த பேங்கும் வைத்துக்கொள்வதில்லை. கணக்கை ஒருவர் எழுதுவதற்குப் பதிலாக எல்லாரும் எழுதுகிறார்கள். கண்டுபிடித்தவர் ஒன்பது பக்கத்தில் விளக்கி வைத்திருக்கிறார். பெயர் ஜப்பான் பெயர் மாதிரி இருக்கிறது. ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது.

"ஆளே தெரியாதவன் சொல்றத எப்படிப்பா நம்புறது?" என்றார் பொன்னுசாமி.

"அதான்ணே விஷயமே. இதுல யாரையும் நம்ப வேண்டாம்."

அந்த ஒரு வார்த்தை எல்லார் மனசையும் குளிர்வித்துவிட்டது. இருபது வருஷமாக அந்தக் கம்பெனியில் நடைமுறையில் இருந்த ஒரே கொள்கைக்கு, படித்த பையன் ஒருவன் இப்போது விஞ்ஞான ஆதாரம் காட்டுகிறான். கமிட்டி பத்து நிமிஷத்தில் கலைந்தது.

சாந்தம்மாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. கமலக்கண்ணன் கேன்டீனுக்கு வந்தபோது பிடித்து உட்கார வைத்தாள். பெஞ்சின் மேல் ஏழு காலி கிளாஸை வரிசையாக வைத்து அவன் பாடம் நடத்தினான்.

"பொன்னுசாமி அண்ணன் ஒரு டீ குடிக்கிறாருன்னு வைங்கக்கா. நீங்க மட்டும் எழுதுனா அவரு இல்லம்பாரு. அவரு மட்டும் எழுதுனா நீங்க இல்லம்பீங்க. அதனால ஏழு செக்ஷன்ல ஏழு நோட்டு. டீ குடிச்சதும் சத்தமா சொல்லணும், ஏழு பேரும் எழுதிக்கணும். ஒரு நோட்ட எவனாவது திருத்துனா மத்த ஆறும் காட்டிக் குடுத்துரும்."

"பக்கத்தையே கிழிச்சிட்டா?"

அதற்கும் வழி இருந்தது. இருபது டீ எழுதினால் ஒரு பக்கம் நிறையும். அந்தப் பக்கத்தில் உள்ள எண்களையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் விடையை அடியில் முத்திரை மாதிரி எழுத வேண்டும். அடுத்த பக்கம் அந்த முத்திரை எண்ணில்தான் ஆரம்பிக்கும். ரயில் பெட்டிக்குப் பெட்டி கொக்கி மாட்டியிருப்பதுபோல. நடுவில் ஒரு பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருப்பதெல்லாம் கழன்றுவிடும். அதோடு, முத்திரை எண்ணின் கடைசியில் மூன்று பூஜ்யம் வந்தாக வேண்டும். அதற்காகக் கணக்கில் சேர்க்க ஒரு தோதான எண்ணைத் தேடவேண்டும். அந்த எண் எது என்று மூளையால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். யார் முதலில் கண்டுபிடிக்கிறாரோ அவருக்குக் கூலியாக ஐந்து புதுக் காசு.

"இவ்ளோ கஷ்டம் எதுக்குப்பா?"

"கஷ்டமா இருந்தாத்தான்க்கா எவனும் சும்மா திருத்த மாட்டான்."

இன்டர்நெட்டில் ஓடுகிற அசல் பணத்தையும் தன் அறைக் கம்ப்யூட்டரில் தேடிச் சேர்த்துக்கொண்டிருப்பதாக அவன் சொன்னான். ஆயிரத்து நானூறு காசு சேர்ந்திருக்கிறதாம். அதை வைத்து என்ன வாங்கலாம் என்று கேட்டாள். இப்போதைக்கு ஒன்றும் வாங்க முடியாது என்றான். அவளுக்குப் பாவமாக இருந்தது. தட்டில் இன்னொரு போண்டா வைத்தாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி தொடங்கினார்கள். பிரஸ் ஷாப், பெயின்ட் ஷாப், பேக்கிங், டெஸ்பாட்ச், ஸ்டோர், பர்சனல் ஆபீஸ், கேன்டீன் என்று ஏழு இடத்திலும் தடித்த நீள நோட்டு. முதல் பக்கத்தில் ஆளுக்கு ஐம்பது காசு வரவு. செப்டம்பர் முப்பதாம் தேதி சாந்தம்மா பேரில் எத்தனை காசு சேர்ந்திருக்கிறதோ, அத்தனைக்கு மூன்று ரூபாய் வீதம் கம்பெனி கொடுக்கும் என்று ஏற்பாடு. கமலக்கண்ணன் அந்தக் காசுக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தான். ஜனங்கள் கண்ணன் காசு என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத காசுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

முதல் வாரம் திருவிழாதான். ஒருவன் டீ கேட்டால் சாந்தம்மாவின் ஆள் வாசலில் நின்று, பெயின்ட் ஷாப் எல்லப்பன், சாந்தம்மாவுக்கு ஒரு காசு என்று கத்துவான். பிரஸ் மெஷின் சத்தத்தில் அது டெஸ்பாட்சுக்குக் கேட்காது. அங்கிருந்து எந்த எல்லப்பன் என்று கேட்டு அனுப்புவார்கள். ஏழு நோட்டிலும் ஏறும்வரை எல்லப்பன் டீயைத் தொடக்கூடாது. ஏறிய பிறகு தொட விரும்பமாட்டான், ஏடு படர்ந்து ஆறிப் போயிருக்கும்.

இரண்டாவது வாரம் மூன்று பூஜ்யத்தின் வெறி பிடித்தது. கம்பெனியில் இருந்த கால்குலேட்டரெல்லாம் மறைந்தன. மெஷின் முன்னால் நிற்கிறவன் ஒரு கையால் தகட்டைத் தள்ளி, மறு கையால் எண் தட்டினான். பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு பேர் கூட்டாகச் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் எண் என்று பங்கு பிரித்துத் தேடி, கிடைத்த கூலியைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வாரம் எண்ணூறு பிராக்கெட்டில் ஓட்டை அரை அங்குலம் தள்ளி விழுந்து, கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தன. பர்சனல் ஆபீசில் ராஜப்பன் கம்ப்யூட்டரையே இந்த வேலைக்கு விட்டார். அப்போது தினமும் கரண்ட் போகும் காலம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். அறுபது ரூபாய் டீக் கணக்கைக் காப்பாற்ற ஆறு லிட்டர் டீசல் எரிந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஸ்டோர் கீப்பர் முனகினார். அவருக்கு இன்னும் புரியவில்லை என்று மற்றவர்கள் அவரை ஒதுக்கினார்கள்.

ஆனால் சாந்தம்மாவுக்கு ஒரு விதத்தில் நிம்மதி. கள்ள டோக்கன் நின்றுவிட்டது. தன் நோட்டில் அவளே எழுதினாள். ஆட்களின் பெயர் தெலுங்கு எழுத்தில், எண் எல்லாருக்கும் பொதுவான எழுத்தில். பேக்கிங் செக்ஷன் நோட்டை எழுதியவள் நிர்மலா. கெலமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள், முத்து முத்தான கையெழுத்து. சாயங்காலம் இருவரும் நோட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு காசு பிசகாது. செப்டம்பர் முதல் வாரத்தில் சாந்தம்மா பேரில் ஆறாயிரத்து இருநூறு காசு சேர்ந்திருந்தது.

அதோடு நின்றுபோயிற்று. காரணம், கமலக்கண்ணன் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு சங்கதி. மொத்தம் இருபத்தோராயிரம் காசுக்கு மேல் எந்தக் காலத்திலும் உண்டாகாது, கூலியும் போகப் போகப் பாதியாகும் என்றான். அதைக் கேட்ட யாரோ கம்பெனி பஸ்ஸில் கணக்குப் போட்டார்கள். குறைந்துகொண்டே போகிற பொருளின் விலை ஏறத்தானே வேண்டும்? மூன்று ரூபாய்க் காசை ஒருவன் நான்கு ரூபாய்க்கு வாங்கினான். மறுநாள் அதை ஆறுக்கு விற்றான். பக்கத்துக் கம்பெனிகளும் இதே காசுக்கு மாறப் போகின்றன என்று பெயின்ட் ஷாப்பில் ஒருவன் சொன்னான். அப்படிச் சொன்னவன் கையில் முன்னூறு காசு இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. விலை எட்டானது, பதினொன்றானது.

பதினோரு ரூபாய் பெறுகிற காசைக் கொடுத்து மூன்று ரூபாய் டீயை எந்த மடையன் குடிப்பான்? கேன்டீனில் டீ அப்படியே கிடந்தது. கையில் ஐம்பது டீ வைத்திருந்தவனெல்லாம் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் சொந்தப் பணத்துக்கு டீ குடித்தான். கடன் சொல்லிக் குடித்தவனும் உண்டு. நிர்மலா சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு எட்டு ரூபாய் விலையில் இருநூறு காசு வாங்கிப் போட்டாள். வாங்கிய மறுநாளே பதினொன்று ஆனதும், இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாமே என்று வருத்தப்பட்டாள்.

கணக்குப்படி அந்தக் கம்பெனியிலேயே பெரிய பணக்காரி சாந்தம்மாதான். ராஜப்பன் அவளைப் பார்த்தால் எழுந்து நிற்காத குறை. ஆனால் கங்கப்பனுக்கு மூன்று வாரப் பால் பாக்கி. சாந்தம்மா அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். அவர்கள் பேசியது கன்னடத்தில்.

"எம் பேர்ல ஆறாயிரத்து இருநூறு காசு இருக்குது. பஸ்ல இன்னிக்கு ஒன்னு பதினோரு ரூபா."

"எங்க இருக்குது?"

"ஏழு நோட்டுல."

"ஏழுலயும் இருந்தா ஏழு மடங்கா?"

"இல்ல. ஏழுலயும் இருக்கறது அதே காசுதான்."

"அப்ப ஒரு நோட்டுல இருக்கறத மட்டும் எடுத்துக் குடு."

"எடுக்க முடியாது. எழுதத்தான் முடியும்."

கங்கப்பன் கோபமில்லாமல் சொன்னார். "எழுதறதுன்னா நானும் எழுதுவேன் சாந்தம்மா. எம் மாடு எழுத்தத் திங்காதே."

அவள் திரும்பி வந்து, ஆயிரம் காசை விற்கப் போவதாகச் சொன்னாள். அரை மணி நேரத்தில் பொன்னுசாமி ஓடிவந்தார். ஒரே ஆள் இவ்வளவு விற்றால் விலை விழுந்துவிடும், ஏழைத் தொழிலாளி வயிற்றில் அடிக்காதீர்கள் என்று கும்பிட்டார். அவர் போனதும் ராஜப்பன் வந்தார். முப்பதாம் தேதி கம்பெனியே வாங்கிக்கொள்ளப் போகிறது, அதற்குள் என்ன அவசரம் என்றார். பன்னிரண்டு வருஷம் பழகிய முகங்கள். சாந்தம்மா முப்பதாம் தேதிக்குக் காத்திருக்கச் சம்மதித்தாள். கங்கப்பனிடம் இன்னும் பத்து நாள் தவணை வாங்கினாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியில் வந்தது. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, கணக்குப் புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்குவது வழக்கம். கண்ணன் காசு நோட்டுகளும் கணக்குப் புத்தகம்தானே? ஏழையும் கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். ஏழும் ஏழு இடத்தில் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்று சொல்லிக்கொண்டே இருந்த கமலக்கண்ணனும், பக்தியோடு பொட்டு வைத்துக் கும்பிட்டான். பூஜை அறையின் சாவி ராஜப்பனிடம் இருந்தது. பிரசாதப் பொறுப்பு பொன்னுசாமியிடம் இருந்தது. இரண்டு நாள் லீவு.

செவ்வாய்க்கிழமை காலையில் நோட்டை எடுத்துப் பார்த்த நிர்மலாதான் முதலில் கண்டாள். பேக்கிங் நோட்டின் கடைசிப் பக்கமும் பிரஸ் ஷாப் நோட்டின் கடைசிப் பக்கமும் ஒத்துவரவில்லை. முத்திரை எண்ணே வேறு. ஏழையும் விரித்து வைத்துப் பார்த்தார்கள். பிரஸ் ஷாப், பெயின்ட் ஷாப், டெஸ்பாட்ச், பர்சனல் ஆபீஸ் என்று நான்கு நோட்டில் கடைசிப் பக்கம் புதிதாக இருந்தது. சாந்தம்மா, பிரஸ் ஷாப் நலநிதிக்கு ஆறாயிரம் காசு என்று ஒரு வரி அதில் கூடுதலாக இருந்தது. அடியில் மூன்று பூஜ்யம் அழகாக வந்திருந்தது. பேக்கிங், ஸ்டோர், கேன்டீன் நோட்டுகளில் அந்த வரி இல்லை.

தொழிலாளிகளின் அவசரத்துக்கு என்று இருந்த அந்த நலநிதியின் பொருளாளர்கள் பொன்னுசாமியும் ராஜப்பனும். ஓவர்டைமுக்கும் போனஸுக்கும் ஒரே மேசையில் உட்காராத இருவரும் இதற்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். பொன்னுசாமி மறைக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. தொழிலாளியின் காசில் ஏறக்குறையப் பாதி ஒரே குத்தகைக்காரி கையில் குவிவது நியாயமா என்று மட்டும் கூட்டத்தில் கேட்டார். சிலர் கை தட்டினார்கள். ராஜப்பன், தான் இதில் எதுவும் சொல்வதற்கில்லை, விதிப்படி நடக்கட்டும் என்றார். எல்லாரும் கமலக்கண்ணனைப் பார்த்தார்கள்.

அவன் நோட்டுகளை மாற்றி மாற்றிப் புரட்டினான். பெருவிரலால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். விதிப்படி, நோட்டுகள் ஒத்துவராதபோது அதிகமான நோட்டுகள் சொல்வதுதான் உண்மை என்றான். நான்கு பெரிதா, மூன்று பெரிதா என்பதற்குக் கமிட்டி தேவைப்படவில்லை. அசலில் ஒவ்வொருத்தருக்கும் ரகசியக் கையெழுத்து என்று ஒன்று உண்டு, அது இருந்தால் ஒருத்தர் காசை இன்னொருத்தர் எழுத முடியாது, நேரமாகிறது என்று நீங்கள்தான் அதை விடச் சொன்னீர்கள் என்று மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டான்.

"அப்ப நான் ஆறாயிரம் டீ குடுத்தது பொய்யா?" என்றாள் சாந்தம்மா.

"குடுத்தது நெஜம்தான்க்கா. நோட்டுலதான் இல்ல."

அவள் கேன்டீனுக்குப் போனாள். ஒரு அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது, இன்னொன்றில் சாம்பார். இரண்டையும் அணைத்தாள். ஆட்களை வீட்டுக்கு அனுப்பினாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அட்டையில் மூன்று மொழியில் எழுதி மாட்டினாள்: ரொக்கம் மட்டும்.

காசு விலை மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. டீ கிடைக்காத டீக்காசை வாங்க ஒருவனும் இல்லை. காலை பஸ்ஸில் பதினொன்று, சாப்பாட்டு நேரத்தில் நான்கு, சாயங்கால பஸ்ஸில் விலை சொன்னவனை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். நோட்டில் நலநிதி பேரில் ஆறாயிரம் காசு பத்திரமாக இருந்தது.

வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட் இருந்தது. லாரிக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் சென்னையிலிருந்து வருகிறார்கள். ஓட்டை தள்ளி விழுந்த எண்ணூறு பிராக்கெட்டைப் பற்றித்தான் கேட்கப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து இருநூறு பேர் சாப்பாட்டுக்குக் கேட்டில் நின்றால் என்ன ஆகும்? புதன்கிழமை பட்டினியோடு பிரஸ் ஷாப் ஆட்கள் பொன்னுசாமியைச் சுற்றிக்கொண்டார்கள். மேனேஜர் ராஜப்பனைக் கூப்பிட்டு விட்டார். சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்டூலுக்கு எதிரில் வந்து நின்றார்கள்.

ராஜப்பன் முதலில் பெருந்தன்மையாகப் பேசினார். நோட்டில் ஆறாயிரம் காசைத் திருப்பி எழுதிவிடுகிறோம், ஏழு நோட்டிலும் எழுதுகிறோம் என்றார்.

"எழுத வேணாம் சார். எண்ணிக் குடுங்க," என்றாள் அவள்.

ஜூலை பில்லையும் சேர்த்துக் கேட்டாள். பதினாறாயிரத்துச் சொச்சத்துக்கும் முழுதாகக் கேட்டாள். அத்தனை பாலும் அத்தனை டீத்தூளும் நிஜமாகவே செலவாயிருந்தன. கள்ள டோக்கனுக்குத் தர முடியாது என்று ராஜப்பன் ஒற்றைக்காலில் நின்றார். இருட்டும் வரை பேசி, கம்பெனி கொடுத்த டோக்கனுக்கும், நோட்டில் போன டீக்கும் சேர்த்து ஐம்பத்தோராயிரத்து முன்னூற்று அறுபது ரூபாயில் முடிந்தது. கள்ள டோக்கன் டீ அவள் கணக்கில் நஷ்டம். செக் என்றார்கள். அவள் அட்டையைக் காட்டினாள். அக்கவுன்ட்ஸ் லாக்கரைத் திறக்க வைத்து, ரொக்கம் வந்து, இரண்டு தடவை எண்ணிய பிறகுதான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். போகிற வழியில் கங்கப்பன் வீட்டில் பாக்கியைக் கொடுத்தாள். அவர் எண்ணாமல் வாங்கி வைத்துக்கொண்டது அவளுக்கு என்னமோபோல் இருந்தது.

ஆடிட் நல்லபடியாக நடந்தது. பிராக்கெட் விஷயம் வருவதற்கு முன்பே, மேசையில் அடுக்கியிருந்த ஏழு நோட்டும் வந்தவர்களின் கண்ணில் பட்டன. இது என்ன என்று கேட்டார்கள். ராஜப்பன் ஒரு நிமிஷம் தடுமாறி, ஏழு இடத்தில் ஒரே நேரத்தில் பதிவு, ஒருவராலும் திருத்த முடியாது என்று இங்கிலீஷில் சொன்னார். அவர்கள் அசந்துபோனார்கள். இத்தனை சின்னக் கம்பெனியில் இப்படி ஒரு பதிவு முறையைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதி, போல்ட்டு நட்டு முதல் எல்லாவற்றுக்கும் இதைக் கொண்டுவரச் சிபாரிசு செய்தார்கள். ராஜப்பனுக்கு பிரமோஷன் வந்தது. பொன்னுசாமி அடுத்த யூனியன் தேர்தலில் தோற்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் ஜெயித்தார்.

நிர்மலாவின் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அவள் யாரையும் கேட்கவும் இல்லை. சீட்டுக்காரியிடம் பேச்சு வாங்கிய மறுநாள் கேன்டீன் பக்கமே வராமல் பேக்கிங் அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சாந்தம்மா டீயை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். இருநூறு காசு இருக்கிறதல்லவா, இருநூறு டீ குடித்துத் தீர்த்துக்கொள், மற்றவர்களிடம் சொல்லாதே என்றாள். எதில் எழுதுவது என்று நிர்மலா கேட்டாள். எழுத வேண்டாம் என்றாள் சாந்தம்மா. பொங்கலுக்குள் இருநூறும் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறமும் ஒரு வாரம் சாந்தம்மா கை நீட்டவில்லை. நிர்மலாதான் மூன்று ரூபாயை எடுத்து மேசையில் வைக்க ஆரம்பித்தாள்.

தை கடைசியில் கமலக்கண்ணனுக்கு பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. ஆடிட் ரிப்போர்ட்டைக் காட்டித்தான் வாங்கினான் என்றார்கள். சொல்லிவிட்டுப் போக ஒரு பையோடு கேன்டீனுக்கு வந்தான். டீயைக் குடித்துவிட்டு, தன்னால்தான் அவளுக்கு இத்தனை கஷ்டம் என்றான். அந்த ஒன்பது பக்கத்தில் தப்பில்லை, தான்தான் சரியாகக் கொண்டுவரவில்லை என்றும் சொன்னான். அவள் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தாள்.

"இருபத்திரெண்டாயிரம்க்கா."

"நோட்டுல எழுதிக் குடுப்பாங்களா, பணமா குடுப்பாங்களா?"

"பேங்க்ல போடுவாங்கக்கா."

"மொத மாசம் வந்து விழுவுதான்னு பாத்துட்டு அப்புறமா மெஸ்ஸுக்கு அட்வான்ஸ் குடுப்பா," என்றாள்.

அவன் தலையாட்டினான். வெளியே அத்திப்பள்ளி பஸ் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சாந்தம்மா அவன் குடித்த கிளாஸை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, இரண்டாவது ஷிப்டுக்குப் பாலை ஏற்றினாள்.